கீழுதட்டை இழுத்துக் காட்டிய நாட்கள்

என் மனைவிக்குக் கீழ்வரிசையில் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இல்லை. ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாகப் பிடுங்கியாயிற்று. அந்த இடத்துக்குப் பொய்ப்பல் பதித்த, கழற்றி மாட்டும் பிளேட் ஒன்று வைத்திருந்தாள். பிளேட்டின் கம்பிக் கொக்கிகள் இரண்டு பக்கத்துக் கோரைப்பற்களையும் பிடித்துக்கொண்டு நிற்கும். வலது கோரைப்பல் திடமாக இருந்தது. இடது கோரைப்பல் போன வருடம் ஆடத் தொடங்கியது. அது போனால் பிளேட் நிற்காது. பிளேட் நிற்காவிட்டால் மென்று தின்பது என்பதே அவளுக்கு இல்லை. ஒரே ஒரு பல்லைப் பற்றி நாங்கள் இருவரும் அத்தனை கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

அவளுக்குச் சாப்பிடுவதைவிட மெல்வதில்தான் பிரியம். வறுத்த நிலக்கடலை, வேகவைத்த சோளக்கருது, எண்ணெயில் சுட்ட கச்சாயத்தின் முறுகிய ஓரம். பல்லடத்துக்குப் பக்கத்தில் அவள் தம்பி ஊரில் வருடந்தோறும் கோயில் நோம்பிக்குக் கிடா வெட்டுவார்கள். அக்காவுக்கென்று நெஞ்செலும்பை எடுத்துத் தனியாக வைப்பான் அவன். பிளேட் போட்ட பிறகும் அவள் அதை விடவில்லை. மெதுவாக, ஒரு மணி நேரமானாலும், கடித்துச் சுவைத்துவிட்டுத்தான் எழுவாள். பந்தியில் எல்லோரும் கை கழுவிவிட்டு வந்து அவளைச் சுற்றி நின்று கேலி செய்வார்கள். அவள் கவலைப்பட மாட்டாள்.

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஈறு நோய்க்கென்றே படித்த ஒரு பெண் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அம்மா, பல்லு நல்லாத்தான் இருக்கு. பல்லைப் பிடிச்சிருக்கற எலும்புதான் ஒரு பக்கமா கரைஞ்சு பள்ளமாயிருக்கு."

"புடுங்கோணுமா கண்ணு?"

"பிடுங்காம ஒரு முயற்சி பண்ணலாம். ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி, உங்க ரத்தத்துல இருந்தே ஒரு மருந்து எடுத்து உள்ள வெச்சுத் தைப்பேன். பிடிமானம் திரும்ப வளர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. உறுதி சொல்ல மாட்டேன். சர்க்கரையை மட்டும் நீங்க குறைச்சுக் கொடுக்கணும்."

"குறைச்சுப்போடறேன் கண்ணு," என்றாள். குறைத்துவிட்டாள். நான் நாற்பது வருடமாகச் சொல்லிக் கேட்காதவள், ஒரு பல்லுக்காக இனிப்பை விட்டாள், காப்பிக்குச் சர்க்கரையை விட்டாள், காலையில் மொட்டை மாடியில் வேர்க்க வேர்க்க நடந்தாள். இதை நான் ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். பின்னால் நடந்ததில் அவள் பங்கு ஒன்றும் இல்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வகுப்பில் பேசிப் பேசிப் பழகிய வாய்க்கு ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் கிடைப்பதில்லை. செல் என்று யாராவது சொன்னால் இந்தக் காலத்தில் போன் என்றுதான் அர்த்தம். அதனால் அந்த டாக்டர் ரத்தம், செல், வளர்ச்சிக் காரணி என்று பேசத் தொடங்கியதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சொல்லச் சொல்ல நான் முந்திக்கொண்டு முடித்து வைத்தேன். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

அறுவை சிகிச்சை நாளன்று என்னையும் உள்ளே உட்கார அனுமதித்தார். மனைவியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, சுழலும் ஒரு சிறிய எந்திரத்தில் வைத்தார்கள். எந்திரம் நின்றபோது குழாயின் அடியில் சிவப்பும், மேலே தெளிந்த நீரும், நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு கொழகொழப்பும் பிரிந்திருந்தன. அந்த மஞ்சளை இடுக்கியால் எடுத்து, ஒரு சல்லடைத் தட்டில் வைத்து மெல்ல அழுத்தியதும் அது ஜவ்வு போலத் தட்டையாகிவிட்டது. பார்க்க, எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகை பதமாக வெந்த நிறம்.

அந்த ஜவ்வுக்குள் ரத்தத்தின் தட்டணுக்கள் சிக்கியிருக்கின்றன. அடிபட்ட இடத்தில் ரத்தம் உறையும்போது செய்வதையே அவை இங்கேயும் செய்கின்றன. சில புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. அவற்றைத்தான் வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். பெயரைக் கேட்டால் உரம் என்று தோன்றும். உரம் இல்லை, அழைப்பு. மரத்தில் ஆணி நிற்பதுபோலப் பல் எலும்பில் நிற்பதில்லை. பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில் எண்ணற்ற நார்கள் பல்லைத் தொட்டிலில் போட்டதுபோலத் தாங்கியிருக்கின்றன. நார்களுக்கு நடுவே வாழும் செல்கள் விசித்திரமானவை. அழைப்பு சரியாக வந்தால் பெருகும், நகரும், சில நாராகும், சில வேரின் மேல்பூச்சாகும், சில எலும்பாகும். வராவிட்டால் இருந்த இடத்திலேயே சும்மா கிடக்கும்.

ஆனால் அவை மெதுவானவை. ஈறின் மேல்தோல் செல்கள் வேகமானவை. காயம் ஆறும்போது இரண்டுக்கும் ஒரு ஓட்டம் நடக்கிறது. மேல்தோல் முந்திக்கொண்டு வேரின் வழியாகக் கீழே இறங்கிவிட்டால், பிறகு நார் அங்கே ஒட்ட இடமில்லை. காயம் ஆறிவிடும், பார்க்க நன்றாக இருக்கும், பல் மட்டும் நிற்காது. இந்த ஓட்டத்தில் மெதுவானவர்களுக்கு அவகாசம் வாங்கிக் கொடுப்பது, வேரின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ரத்த உறைவு. அது பெயராமல் இருக்கும்வரை வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தையல் போட்டு முடித்த பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"சூடா எதுவும் வேண்டாம். அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது. வேகமாக் கொப்பளிக்கக் கூடாது. பிளேட்டை நான் சொல்றவரைக்கும் மாட்டவே வேண்டாம். முக்கியமா இன்னொண்ணு." அவர் தன் கீழுதட்டில் விரலை வைத்தார். "உதட்டைப் பிடிச்சு இழுத்துப் பார்க்காதீங்க. எல்லாரும் அதான் பண்ணுவாங்க. கண்ணாடி முன்னாடி போய் நிப்பாங்க. உதட்டை இழுத்தா ஈறும் கூடவே வரும், உள்ள ஒட்டியிருக்கறது பிஞ்சுக்கும்."

அவள் வாயில் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினாள். நான், "புரியுதுங்க டாக்டர், உறைவு கலையக் கூடாது, அவ்வளவுதானே," என்றேன்.

"அதே சார்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் யாருக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டாலும் உறவுக்காரர்கள் பார்க்க வந்துவிடுவார்கள். கண்புரையா, குடலிறக்கமா, பல்லா என்ற வித்தியாசம் கிடையாது. வராவிட்டால் பேச்சாகிவிடும். வந்தவர்கள் காயத்தைப் பார்த்து, "அடடா" என்று சொல்லிவிட்டுப் போனால்தான் வந்ததற்கு மரியாதை. காட்டாமல் அனுப்பினால் ஒளிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நாங்களும் மற்றவர்கள் வீட்டில் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

முதலில் வந்தது அவள் தம்பியும் தம்பி மனைவியும். இரண்டாவதோ மூன்றாவதோ நாள். விசைத்தறியும் கோழிப்பண்ணையும் வைத்திருக்கிறான். வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒரு பை சாத்துக்குடி, ஒரு பை பிரெட்.

"ஏனுங்கக்கா, எப்படியிருக்குது? பேசாதீங்க, பேசாதீங்க. மச்சான் சொல்லட்டும்."

"உங்கக்கா பேசாத ஊடு எப்படியிருக்குதுன்னு பார்த்துக்க மாப்ள," என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. இன்னும் நாலு தையல் சேத்திப் போட்டிருக்கலாம்."

அவள் கண்ணாலேயே சிரித்தாள். தம்பி மனைவி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நான் தொடங்கிவிட்டேன். ரத்தம் எடுத்தது, சுழற்றியது, மஞ்சள் ஜவ்வு, வளர்ச்சிக் காரணி.

"வளர்ச்சின்னா எப்படிங்க மச்சான்? நம்ம பண்ணையில குஞ்சுக்குத் தீவனத்தைப் போட்டு எடை ஏத்தறமே, அந்த மாதிரியா?"

"அப்படியில்ல மாப்ள. அது தின்னக் கொடுக்கறது. இது கூப்பிடறது. உன்ற தறிக்கு ஆள் வேணும்னா என்ன பண்ணுவே?"

"போனைப் போடுவனுங்க. ஒருத்தனும் எடுக்க மாட்டான்."

"அதேதான். இங்கே அந்த ஜவ்வு போனைப் போட்டுட்டு உக்காந்திருக்குது. நார் செல்லு எடுத்துப் பேசி, கெளம்பி வரோணும்."

அவன் சத்தமாகச் சிரித்தான். தம்பி மனைவி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை வருடம் கழித்து எனக்கு ஒரு வகுப்பு கிடைத்திருந்தது!

"எந்த எடத்துலீங்க வெச்சிருக்குது?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"அம்மணி, இக்கட்ட வா. வெளிச்சத்துக்குத் திரும்பு. ஒதட்டைச் சித்தெ தாழ்த்திக் காட்டு," என்றேன் மனைவியிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு இரண்டு விரலால் கீழுதட்டைப் பிடித்துத் தாழ்த்தினாள். தையல் முடிச்சுகள் கறுப்பாகத் தெரிந்தன. போதவில்லை என்று தோன்றி நானே என் கட்டைவிரலை வைத்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பென்சிலை எடுத்து, தொடாமல், "இது ஈறு, இதுக்குக் கீழதான் பள்ளம், இந்த இடத்துல வேர்," என்று விளக்கினேன்.

"அட கெரகத்தே," என்றாள் தம்பி மனைவி. "நோவுதுங்களா அண்ணி?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

என் மனதில் டாக்டர் சொன்னது வரவில்லையா என்றால், வந்தது. நல்ல நினைவு இருக்கிறது. சாதாரண ஜனங்கள் கண்ணாடி முன்னால் நின்று கன்னாபின்னாவென்று இழுப்பார்கள், அவர்களுக்காகச் சொன்னது அது, எவ்வளவு இழுத்தால் ஆகாது என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை.

அதற்குப் பிறகு எதிர்வீட்டு ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். காட்டினோம். அவள் பெரியப்பா வழியில் இரண்டு பேர் அந்தியூர்ப் பக்கமிருந்து வேறு வேலையாக வந்தவர்கள் வந்தார்கள். காட்டினோம். 'காட்டினோம்' என்று எழுதுவதுகூட ஏமாற்றுதான். நான் சொன்னேன், அவள் காட்டினாள்.

கோட்டைமேட்டிலிருந்து என் நண்பர் ஒருவர் வந்தார். தராசும் படிக்கல்லும் விற்ற கடைக்காரர். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பேரீச்சம்பழம் வாங்கி வந்திருந்தார், கொட்டை நீக்கியதாகப் பார்த்து. அவரிடமும் கதையெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மணி, காட்டு," என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

"அட, வேண்டாமப்பா. அந்தம்மா பாவம் வாயப் பொத்திட்டு உக்காந்திருக்காங்க. அவங்க வாய்க்குள்ள எட்டிப் பார்த்து நான் என்ன, பல்லு எண்ணப் போறேனா?"

"சயின்ஸ்யா இது. கூச்சப்படறதுக்கு என்ன இருக்குது?"

"உன்ற சயின்ஸை நீயே வெச்சுக்க. தங்கச்சி, நீங்க உள்ள போய்ப் படுங்க."

அவர் போன பிறகு அவரை நான் பழைய பஞ்சாங்கம் என்றேன். அவள் பேரீச்சம்பழத்தை எடுத்து உள்ளே வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பாலில் ஊறவைத்த சந்தகையை விழுங்கிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, இழுக்கறப்ப உள்ளுக்குள்ள சுருக்குங்குதுங்க."

"தையல்னா அப்படித்தான் இருக்கும்," என்றேன். செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

தையல் பிரிக்கப் போன நாளில் டாக்டர் விளக்கைத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஓரத்துல ஒரு தையல் சதையை அறுத்துட்டு வெளிய வந்திருக்கு. ஈறு கொஞ்சம் விட்டிருக்கு." முகமூடியை இறக்கினார். "உதட்டை இழுத்துப் பார்த்தீங்களாம்மா?"

"இல்லீங்க," என்றேன்.

கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. அவள் வாயில் டாக்டரின் சின்னக் கண்ணாடி இருந்தது, பேச முடியவில்லை, பேச முடிகிறவன் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து கிடந்தவள் என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். டாக்டர் கண்ணாடியை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாந்தானுங்க கண்ணு. அவியளுக்குத் தெரியாம ரெண்டு மூணு தடவை கண்ணாடியில இழுத்துப் பார்த்துப்போட்டேன். மனசு கேக்கல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அவ்வளவு சொன்னேனேம்மா. சின்னப் புள்ளையாட்டம் பண்ணியிருக்கீங்களே."

"தப்புத்தானுங்க."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் அவளுடைய கைப்பை. அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஐடி கம்பெனிப் பேருந்துகள் எங்களை உரசிக்கொண்டு போயின. சத்தம் அடங்கிய ஓர் இடத்தில் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேறெப்படிச் சொல்றதுங்க? படிச்சவரு, அந்தப் புள்ளைக்கு முன்னாடி முழிச்சிட்டு நிக்கறத நான் பாக்கோணுமாக்கும்?"

"சுருக்குங்குதுன்னு சொன்னியே. அப்புறமும் நான் காட்டச் சொன்னப்ப மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் நின்றாள். கோபமில்லை. நிஜமாகவே புரியாததுபோல என்னைப் பார்த்தாள்.

"வந்தவிய முன்னாடி உங்களை எப்படிங்க மறுத்துப் பேசறது?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு. அந்த மரியாதையைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள். நானும் அதில் ஒரு வாழ்நாள் முழுக்கச் சுகமாக இருந்திருக்கிறேன். அதற்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவும் இல்லை. அவள் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். ஆறு மாதமாவது ஆகும், அதுவரை ஊசி விட்டு ஆழம் பார்க்கக்கூடக் கூடாது என்றார் டாக்டர். விட்ட ஈறு மேலே மூடிக்கொண்டது. இளஞ்சிவப்பாக, பார்க்க அழகாக. தம்பி போனில் கேட்டால், "ஆறிருச்சு மாப்ள," என்றேன். ஆறுவது ஒன்று, வளர்வது வேறு என்று அவனுக்கு இந்த முறை விளக்கவில்லை.

அந்த மாதங்களில் நான் செய்ததையெல்லாம் நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அரிசிம்பருப்புச் சாதத்தைக் கரண்டியால் மசித்துக் கொடுத்தேன். அவள் வாய் கொப்பளிக்க வெந்நீரைக் கையில் ஊற்றிச் சூடு பார்த்தேன். போனில் தேடித் தேடிப் படித்தேன்: எந்தக் காரணி நார் செல்லை நகர வைக்கிறது, எது பெருக வைக்கிறது, எது எலும்பாகச் சொல்கிறது, எத்தனை காலம் அந்த ஜவ்விலிருந்து கசியும். எல்லாம் ஏற்கெனவே கசிந்து முடிந்திருக்கும். அழைத்தவர்கள் அழைத்து ஓய்ந்திருப்பார்கள். யார் வந்தார்கள், யார் முந்தினார்கள் என்பது அந்த மூடிய ஈறுக்கு அடியில் முடிவாகிவிட்ட விஷயம். நான் படித்த எதுவும் அங்கே போய்ச் சேரப் போவதில்லை. ஒரு செல்லுக்கு நான் எதையும் சொல்ல முடியாது. கெஞ்சவும் முடியாது. வாழ்நாளெல்லாம் அவற்றைக் கரும்பலகையில் வரைந்து, பெயர் எழுதி, அம்புக்குறி போட்டு இதற்குப் பிறகு இது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

காலையில் எழுந்ததும் அவள் நாக்கால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்ப்பாள். வாயை மூடிக்கொண்டுதான். தாடையில் ஒரு சின்ன அசைவு தெரியும். எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. கேட்டால், "பரவாயில்லீங்க," என்பாள்.

நோம்பி வந்தது. தம்பி நேரில் வந்து அழைத்தான். அவள், "இந்த வருசம் நீங்க பாருங்க தம்பி. அடுத்த வருசம் பல்லோட வாரேன்," என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போய்த் துவைத்துக் காயப்போட்ட துணியைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தேன்.

பிறகு எக்ஸ்ரே. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எலும்பின் பள்ளம் இருந்தபடியே இருந்தது. சொல்லப்போனால் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கரைந்திருந்தது. மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டார். அது இறங்கிக்கொண்டே போனது.

"ஈறு ஆறியிருக்கு. ஆனா மேல்தோல்தான் உள்ள இறங்கியிருக்கு. நார் பிடிக்கல," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நான் இன்னும் கொஞ்சம் உயரமா ஈறைக் கொண்டுவந்து தைச்சிருக்கலாமோன்னு தோணுது. அம்மா சர்க்கரையை அவ்வளவு நல்லா வெச்சிருந்தாங்க."

தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன கண்ணு பண்ணுவே," என்று தேற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் மட்டும் போனேன். நோயாளிகள் எல்லாம் போகும்வரை வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். நான்தான் இழுக்கச் சொன்னேன், நானே என் விரலால் இழுத்தேன், வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினேன், நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன், அவள் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள். நின்றுகொண்டே சொன்னேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட, வேண்டியிருந்தது.

"உக்காருங்க சார்," என்றார். கையுறையைக் கூடையில் போட்டுவிட்டு, "அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. ஒண்ணுமே பண்ணாதவங்களுக்கும் சில சமயம் பிடிக்கறதில்ல. வயசு, சர்க்கரை, பள்ளத்தோட வடிவம், எத்தனையோ இருக்கு."

"ஆனா தையல் அறுந்ததுங்களே?"

"அறுந்தது."

"அதுக்கு நான்தானே காரணம்?"

"இருக்கலாம் சார்."

"முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல மனமில்லாதவர். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மறுபடி தைச்சுப் பார்த்திருப்பேனோ என்னவோ. அம்மா கண்ணாடி பார்த்தாங்கன்னதும், லேசாத் தொட்டிருப்பாங்க, இவ்வளவுதானேன்னு விட்டுட்டேன். பல பேருக்குக் காட்டப் பல நாள் இழுத்திருக்குன்னா..." அங்கே நிறுத்திக்கொண்டார். "இப்ப அதைப் பேசி என்ன சார் பண்றது?"

சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. அதுவரை எனக்கு ஒரு குற்றம் இருந்தது. அங்கிருந்து வெளியே வந்தபோது குற்றமா இல்லையா என்றுகூடத் தெரியாத ஒன்று இருந்தது. அதைத் தீர்த்துவைக்க இனி யாராலும் ஆகாது.

வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன், டாக்டரிடம் சொல்லிவிட்டதாக. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குங்க? அந்தப் புள்ளை மனசு கஷ்டப்படறதுக்கா?" என்றாள்.

அப்புறம் அந்தப் பல் நாளுக்கு நாள் ஆட்டம் கண்டது. தயிர்சாதம்கூட வலித்தது. ஒரு காலையில் போய் எடுத்துவிட்டு வந்தோம். டாக்டர் விரலால் பிடித்ததும் வந்துவிட்டது என்றாள் அவள், கருவியே வேண்டியிருக்கவில்லையாம். ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டலாம், அதற்கும் முதலில் எலும்பு வளர்க்க வேண்டும் என்று டாக்டர் தொடங்கினார். இவள், "போதுமுங்க கண்ணு," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். பழைய பிளேட் அலமாரியில் தண்ணீர் ஊற்றிய ஒரு டப்பாவில் கிடக்கிறது. ஒரு கொக்கி பிடிப்பதற்கு ஏதுமில்லாமல் நிற்கிறது.

போன வாரம் தம்பியும் தம்பி மனைவியும் வந்தார்கள். பல் எடுத்ததைப் பார்க்க. தூக்குப்போசியில் கறி கொண்டுவந்திருந்தார்கள். அக்காவுக்காகக் கொத்தி, மூன்று விசில் கூடுதலாக விட்டு வேகவைத்தது என்றாள் தம்பி மனைவி. நெஞ்செலும்பு இல்லை. அவள் சாற்றை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து விழுங்கினாள். சதைத் துணுக்குகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். ஒதுக்கியதைப் பார்க்காததுபோல எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

"எப்படிங்க மச்சான், அத்தனை பேருக்குப் போனைப் போட்டும் ஒருத்தனும் வரலீங்களா?" என்றான் தம்பி. சிரிக்க வைக்கத்தான் கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"வரல மாப்ள," என்றேன்.

தம்பி மனைவி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "எந்தப் பல்லுங்க அண்ணி எடுத்தது? அன்னைக்குக் காட்டுனீங்களே, அதேவா? சித்தெ காட்டுங்க."

"வேண்டாம்," என்றேன். என் குரல் அத்தனை உயர்ந்திருக்க வேண்டியதில்லை. தம்பி மனைவி திடுக்கிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "காட்ட வேண்டாம் அம்மணி."

என் மனைவி கையைக் கழுவிவிட்டு வந்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும், வந்தவர்கள் முன்னால் என்னை அவள் மறுத்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள். மெதுவாக, மரியாதையாக.

"இப்ப இழுத்தா என்னங்க கெட்டுப்போகுது?"

வெளிச்சத்துக்குத் திரும்பி, இரண்டு விரலால் கீழுதட்டைப் பிடித்து, அன்றைக்கு நான் இழுத்ததைவிடக் கூடுதலாக இழுத்துக் காட்டினாள். தம்பி மனைவி குனிந்து பார்த்து, "அடடா," என்றாள். அவள் உதட்டை விடவில்லை. நானும் பார்க்கட்டும் என்பதுபோல என் பக்கமாகத் திரும்பி நின்றாள். பார்த்தேன்.